ரோகிணி வரைக்கும்

2025 மார்ச் 15, சனி

பனிக்குட நீரின் அளவு ஏழு. போன தடவை ஒன்பது இருந்தது. டாக்டர் ஸ்கேன் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நீர் கொஞ்சம் குறையுது, பார்க்கலாம்" என்றார். குழந்தை இன்னும் தலை திரும்பவில்லை, அதனால் ஆபரேஷன் என்பது மட்டும் நிச்சயம். எப்போது என்று கேட்டேன். 37 வாரம் வரை ஓட்டினால் நல்லதாம். ஓடுமா? "பார்க்கலாம்மா."

மார்ச் 16

அத்தை நாள்காட்டியை எடுத்துக்கொண்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். 21, 22, 23 மூன்றையும் பென்சிலால் அடித்தார். கேட்டை, மூலம், பூராடம். கேட்டை மூத்தவனுக்கு ஆகாது, பூராடம் நூலாடாது. மூலம்தான் சிக்கல். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். வயிற்றில் இருப்பது எது என்று ஸ்கேனில் சொல்ல மாட்டார்கள், சட்டம். ஆகவே பத்திரமாக அதையும் அடித்துவிட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 18

குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி, இரண்டாவது டோஸ். நேற்றைய இடத்தைவிட இன்றைய இடம் வலிக்கிறது. உள்ளே அசைவு இருக்கிறது.

மார்ச் 19

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவருக்கும் மாமாவுக்கும் பெரிய விவாதம். படுத்தபடியே கேட்டேன்.

இவர் நார்லிகர் செய்த சோதனையைச் சொன்னார். வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர், மகாராஷ்டிராவில் நடத்தியது. 200 குழந்தைகளின் ஜாதகம். நூறு பேர் நன்றாகப் படிக்கிறவர்கள், நூறு பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். ஜோசியர் ஒவ்வொருவருக்கும் நாற்பது ஜாதகம் கொடுத்து, எது எந்த வகைக் குழந்தையுடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 பேர் பதில் அனுப்பினார்கள். சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் ஐம்பது வந்திருக்கும். 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்தது.

மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல ஜோசியன் எவன்டா இந்தப் பரீட்சைக்கெல்லாம் வருவான்?" என்றார்.

விவாதம் அதோடு முடிந்தது. முடியாமல் என்ன செய்யும்? நல்ல ஜோசியர் என்றால் சொன்னது பலித்தவர். பலிக்காதவர் நல்ல ஜோசியர் இல்லை. இந்தக் கோட்டைக்குள் எந்தச் சோதனையும் நுழைய முடியாது. வங்கியில் முப்பது வருடம் தணிக்கை பார்த்த மனிதர். மின்கட்டண ரசீதில் ஒரு ரூபாய் கூடினாலும் விட மாட்டார்.

மார்ச் 22

மூலம். சாயங்காலம் வயிறு இறுகி இறுகி விட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 24

மூன்றும் போயிற்று. எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

மார்ச் 25

நாள் வந்துவிட்டது. ஏப்ரல் 2, புதன், ரோகிணி, ரிஷப லக்னம். சந்திரன் உச்சம் என்று மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எமகண்டம் ஒன்பது மணிக்கு முடியும், ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான். நடுவில் ஒரு பதின்மூன்று நிமிடத்தைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்திருக்கிறார் ஜோசியர். லக்னம் ராசி மாற இரண்டு மணி நேரம் ஆகுமாம், ராசியில் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சம் சுமார் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுமாம்.

நேரம் என்றால் எந்த நேரம்? தலை வெளியே வந்ததா, முதல் அழுகையா, கொடி அறுத்ததா? மாமா போன் போட்டுக் கேட்டார். இந்த ஜோசியர் அழுகை என்கிறார். வேறு சிலர் கொடி என்பார்களாம்.

டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "ஒன்பதரைக்கா? தியேட்டர் காலியா பார்க்கிறேன். எல்லாரும் கேக்கறதுதான். ஆனா குழந்தை அதுக்கு முன்னாடி தொந்தரவு பண்ணா நான் காத்திருக்க மாட்டேன், சரியா?"

அப்புறம் அம்மா போனில் அழுகிறாள். ரோகிணி தாய்மாமனுக்கு ஆகாதாம். கிருஷ்ணன் பிறந்து கம்சன் போன கதை. தம்பிக்கு இப்போதுதான் வரன் பார்க்கிறார்கள். தம்பியோ, "நான் யாரையும் சிறையில அடைக்கலையே அக்கா" என்கிறான்.

மார்ச் 27

அம்மா அவள் பக்கத்து ஜோசியரைப் பார்த்துவிட்டாள். அவர் வாக்கியப் பஞ்சாங்கக்காரர். மாமாவின் ஆள் திருக்கணிதம். திருக்கணிதப்படி நாளை மறுநாள் சனி மீனத்துக்குப் போகிறது. வாக்கியப்படி 2026 மார்ச் 6 வரை கும்பத்திலேயே இருக்கிறது. ஒன்று பழைய வாக்கியங்களை வைத்து எண்ணுகிறது, இன்னொன்று வானத்தில் கிரகம் இருக்கும் இடத்துக்கேற்பத் திருத்திக்கொள்கிறது. ஆக, ஒரே குழந்தைக்கு இரண்டு ஜாதகம். இரண்டிலும் சனி வேறு வேறு வீடு, இரண்டும் நன்றாகவே இருக்கிறதாம்.

நிஜச் சனி இந்த மாதம் 12ஆம் தேதி சூரியனுக்குப் பின்னால் போனது, இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வரவில்லை. 23ஆம் தேதி அதன் வளையம்கூடப் பூமிக்கு விளிம்பைக் காட்டி மறைந்து நின்றது. வேலையில்லாமல் படுத்திருந்தால் இதையெல்லாம் படிக்க வேண்டியதுதான்.

மார்ச் 29

நான்கு மணிக்கு ஸ்கேன். அமாவாசை, சூரிய கிரகணம் வேறு. இந்தியாவில் தெரியாது, தெரியாத கிரகணத்துக்குத் தோஷமில்லை என்று பஞ்சாங்கமே சொல்கிறது. அத்தையிடம் அதைக் காட்டினேன். "தெரியாட்டி என்ன, நடக்குதுல்ல?" ஸ்கேன் நாளைக்குத் தள்ளிப்போயிற்று. கோபத்தில் அழுதேன். கத்தியைத் தொடாதே என்றார். தொடவில்லை.

மார்ச் 30

நீர் ஐந்தரை. நேற்றே பார்த்திருந்தால் என்ன இருந்திருக்கும்?

தூக்கம் இல்லை, எழுதுகிறேன். மாமா வைப்புநிதி போட ஜோசியரைக் கேட்டதே கிடையாது. வட்டி தாளிலேயே அச்சாகியிருக்கிறது. மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் பப்புவா நியூ கினி பக்கம் டிரோப்ரியாண்ட் தீவுகளில் பார்த்ததும் இதேதான். கரையோரக் காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை, திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்கு. மாமாவுக்கு நார்லிகர் ஒரு எண்ணைக் கொடுக்கிறார், டாக்டர் "பார்க்கலாம்" கொடுக்கிறார், ஜோசியர் மட்டும்தான் நாளும் மணியும் கொடுக்கிறார். பொய்யாகவே இருக்கட்டும், பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. அது தெரிந்தும் அந்தச் சிவப்பு மைத் தாளை நான்தான் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். எப்படியும் புதன் வரைக்கும் போய்விடும் என்று அது சொல்கிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

மார்ச் 31

அட்மிட். அசைவு குறைவு. ராத்திரி முழுக்க மானிட்டர்.

ஏப்ரல் 1, விடியற்காலை

இதயத்துடிப்பு இரண்டு முறை இறங்கி ஏறியது. டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாராம். கையெழுத்துப் போட்டாயிற்று. இவருக்குக் கை நடுங்குகிறது.

மாமா வெளியே யாருக்கோ போன் செய்துவிட்டு உள்ளே வந்தார். "பரணிம்மா. பரணியில் பிறந்தால் தரணி ஆளும்." ரோகிணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவும் போனில், தம்பிக்கு நல்லதாகப் போயிற்று என்கிறாள்.

சரி, பரணி. நர்ஸ் போனை வாங்க நிற்கிறார். முதல் அழுகையின் நேரத்தைக் குறித்துத் தரச் சொல்லிக் கேட்டேன், தலையாட்டினார். கொடி அறுக்கும்