பச்சைப் புள்ளியை நம்பிய கதை

நேற்று மாலை முழுவதும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

திறந்த மைதானம். எட்டுப் பேர், ஆளுக்கொரு வயர்லெஸ் கருவி. கோபுரமும் கிடையாது, நடுவில் ரூட்டரும் கிடையாது. ஒருவர் கருவி அனுப்புவதை அடுத்தவர் கருவி வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும். எல்லோரும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் கருவிக்கு ஏழாம் கருவி எட்டும் தூரத்தில் இருப்பதாகத் திரை பச்சை காட்டியது. அனுப்பிய படம் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. நிரலைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன்.

நாங்கள் போட்டிருந்தது ஏஓடிவி நெறிமுறை, இப்படிக் கைமாற்றும் வலையில் வழி தேடித்தருவது; 2003-இல் ஆர்எஃப்சி 3561 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. அதன்படி கருவிகள் விநாடிக்கு ஒரு முறை ‘ஹலோ’ சொல்லும். இரண்டு விநாடி கேட்காவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கணக்கு. ஹலோ சிறியது, எல்லோருக்கும் பொதுவாகப் போவதால் வைஃபையில் குறைந்த வேகத்தில் போகும், அதனால் தொலைவிலும் கேட்கும். படத்தைச் சுமந்த பொதி பெரியது, வேகமும் அதிகம். அவ்வளவு தூரம் தாங்காது. எல்லையில் நிற்பவரின் குரல் கேட்கிறது, மூட்டைதான் கைக்கு வரவில்லை. 2002-லேயே ஆய்வாளர்கள் இதற்குச் ‘சாம்பல் மண்டலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். படித்ததுதான், பட்ட பிறகே உறைத்தது.

ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல். குறைந்த தாவல்களில் போகும் வழியைத் தேடுவது இதை இன்னும் கெடுக்கிறது. தாவல் குறைந்தால் ஒவ்வொன்றும் நீளும், நீண்டால் நையும். பத்துக்கு ஆறு சேரும் இரண்டு தாவல்களில் கடைசியில் மிஞ்சுவது 36 சதவீதம். பத்துக்கு ஒன்பது சேரும் ஐந்து தாவல்களிலோ 59. (மறுபடி அனுப்புவதைச் சேர்க்காத கணக்கு.)

இதைச் சரிசெய்து நிமிர்ந்தால், நடு மேட்டில் நின்றவரின் நான்காம் கருவி அணைந்துபோனது. எல்லோர் சுமையும் அதன் தலையில் விழுந்ததால் பேட்டரி முதலில் தீர்ந்திருக்கிறது. வலை இரண்டு துண்டு. மாற்று வழி உண்டு என்று காலையில் பெருமையடித்திருந்தேன். பதிவைப் புரட்டினால் இரண்டு வழிகளும் அந்த நான்காம் கருவியைத் தொட்டுத்தான் போயிருக்கின்றன. கெடாமல் எவ்வளவு நேரம் ஓடும் என்று அளந்தேனே தவிர, ஒன்று செத்தால் மற்றவை பிழைக்குமா என்று பார்க்கவே இல்லை.

ஐந்தாம் கருவிக்காரரை நாற்பது அடி இடப்புறம் நகரச் சொன்னேன். சில விநாடிகளில் வலை ஒட்டிக்கொண்டது. அவர் அங்கிருந்தே கத்தினார்: “இனி நான் அசையலாமா, கூடாதா?”