எருசலேமின் தெற்குப் படிகள்

எருசலேமுக்குப் போகிற திருப்பயணக் குழுக்கள் பெரும்பாலும் மேற்குச் சுவரில் ஜெபித்த கையோடு பேருந்தில் ஏறிவிடுகின்றன. பக்கத்திலேயே, குப்பைமேட்டு வாசலை ஒட்டி, பழைய ஆலயத்தின் தெற்குப் படிகள் இருக்கிற தொல்லியல் பூங்காவை விட்டுவிடுவது பெரிய இழப்பு. ஆண்டவர் காலத்துக் கல்லில் கால் பதிக்க இதைவிட உறுதியான இடம் அந்த நகரில் அரிது. சனிக்கிழமை ஓய்வுநாள், பூங்கா திறக்காது. வெள்ளிக்கிழமையும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். நிழல் கிடையாது என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

முதலில் மிக்வே எனப்படும் முழுக்குத் தொட்டிகளைப் பாருங்கள். ஆலயத்துக்கு ஏறுகிறவர்கள் இவற்றில் மூழ்கித் தூய்மையடைந்தார்கள். குடத்தில் மொண்டு ஊற்றிய நீர் செல்லாது. மழைநீரோ ஊற்றுநீரோ 40 சேஆ (யூதர்களின் பழைய கொள்ளளவு) அளவாவது இருக்க வேண்டும். பெந்தெகொஸ்தே நாளில் 3000 பேர் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான் என்று பலர் கருதுகிறார்கள். வேதம் இடத்தைச் சொல்லவில்லை, ஆனாலும் தண்ணீருக்குக் குறைவில்லாத இடம் இது.

அடுத்து படிகள். 60 மீட்டருக்கு மேல் அகலம். கால் வைக்கும் இடம் ஒரு படியில் சுமார் 30 செ.மீ., அடுத்ததில் சுமார் 90 செ.மீ. என்று மாறி மாறி வரும். வேகமாக ஏறினால் கால் தடுமாறும். ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும். சீரமைத்த படிகள் புதிதாக, சமமாகத் தெரியும். தேய்ந்து வழுவழுத்தவை பழையவை. அங்கே வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு நல்லது. உட்கார்ந்து ஆரோகண சங்கீதம் (சங்கீதம் 120–134) ஒன்றை வாசிக்க அகலப் படியே வசதி.

மேலே அடைபட்டுக் கிடப்பவை உல்தா வாசல்கள், ஆலய வளாகத்தின் தெற்கு வாசல்கள். வலப்பக்கம் நுழைந்து, சுற்றி இடப்பக்கம் வெளியேறுவது வழக்கம் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. துக்கத்தில் இருப்பவரோ எதிர்த்திசையில் வருவார். எதிரே வருகிறவர்கள் ஏனென்று கேட்டு, "இந்த வீட்டில் வாசம்பண்ணுகிறவர் உம்மைத் தேற்றுவாராக" என்று வாழ்த்துவார்கள். துக்கத்தோடு போகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று ஜெபியுங்கள்.

கடைசியாகத் தென்மேற்கு மூலை. கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை மேலிருந்து தள்ளிய கற்கள், ஏரோது காலத் தெருவில் விழுந்த இடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. அவற்றின் பாரத்தில் தளக்கற்கள் உள்வாங்கியிருக்கின்றன. "கல்லின்மேல் கல் இராது" என்ற ஆண்டவரின் வாக்குக்கு முரணாகச் சுவர் நிற்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். நிற்பது மலைமேட்டைத் தாங்கிய சுற்றுச்சுவர். ஆலயமும் மேற்கட்டடங்களும்தான் இடிக்கப்பட்டன. ஓய்வுநாளை அறிவிக்க எக்காளம் ஊதிய இடத்தைக் குறிக்கும் எழுத்துக் கல்லும் இந்த மூலையில்தான் கிடைத்தது. அங்கே இருப்பது நகல். அசல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில்.

அப்படியே நிமிர்ந்து, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ராபின்சன் வளைவின் எச்சத்துக்குக் கீழே தேடுங்கள். ஆலயம் போய் வெகுகாலம் கழித்து, யாரோ ஒருவர் ஏசாயா 66:14-இன் தொடக்கத்தை எபிரெயத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்: அதைக் காண்பீர்கள், உங்கள் இருதயம் மகிழும்.