பிக்கப்பின் பின்பக்கக் கீச்சொலியைத் தேடிப் பிடித்தது

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கோயம்புத்தூருக்கு இளநீர் ஏற்றுகிற பிக்கப் வண்டி என்னுடையது. காலையில் லோடோடு போகும்போது ஒரு சத்தமும் இருக்காது. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து 'கீச் கீச்' என்று கத்தும். தை மாதம் லேசாக ஆரம்பித்தது, மாசி முடிவதற்குள் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி ஆகிவிட்டது.

தோப்பில் ஒருவர் சொன்னார் என்று பழைய இன்ஜின் ஆயிலைப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புத் தகடுகள்) மேல் ஊற்றினேன். இரண்டு நாள் அமைதி. அப்புறம் தோப்பு மண் முழுக்க அந்த ஆயிலில் அப்பிக்கொண்டு, முன்னைவிட மோசமாகக் கத்தியது. அடுத்து ஒரு ஒர்க்ஷாப்பில், ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஷாக் போயிடுச்சுங்க" என்று பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். 4,200 ரூபாய். வீடு வந்து சேர்வதற்குள் அதே சத்தம். கழற்றிய ஷாக்கை வாங்கிப் பார்த்தேன். ஆயில் கசிவே இல்லை, அழுத்தினால் நிதானமாகத்தான் இறங்கியது. நல்ல ஷாக்கைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அதில்தான் எனக்கு மனது ஆறவில்லை. இனி இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு துப்பு ஏற்கெனவே கையில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழையில் திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. மறுநாள் மதியம் காய்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. லூசான இரும்பு 'டக் டக்' என்று அடிக்கும், அதை மழை நிறுத்தாது. தண்ணீர் பட்டதும் அடங்குகிறது என்றால் ஏதோ காய்ந்து போய் உரசுகிறது. ஒன்று இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையமான புஷ், இல்லையென்றால் பட்டையும் பட்டையும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன். ஜாக்கி போடவில்லை, எடை ஸ்பிரிங் மேல் இருந்தால்தான் சத்தம் வரும். பையனைப் பின் பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னேன். காது மட்டும் வைத்துக் கேட்டால் ஆக்ஸில் நடுவிலிருந்து வருவதுபோல இருந்தது. சத்தம் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் வழியாக ஓடுவதால் காது ஏமாந்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டு போனேன். இடது பக்கம், பட்டையின் பின் நுனியைச் சேஸோடு சேர்க்கும் ஷேக்கிள் அருகே வந்ததும் காதுக்குள்ளேயே கத்தியது.

உறுதி செய்துகொள்ள, ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். ஒரு நேரத்தில் ஒரே இடம், பத்து குதி. எல்லா இடத்தையும் ஒரேயடியாக நனைத்தால் எதனால் நின்றது என்று தெரியாது. பட்டையின் முன்பக்கக் கண்ணில் (போல்ட் நுழையும் வளையத்தில்) அடித்தேன், மாற்றமில்லை. ஷாக்கின் கீழ்க் கண், மாற்றமில்லை. பட்டை நுனிகளில் அடித்ததும் பாதி குறைந்தது. ஷேக்கிளின் கீழ் புஷ்ஷில் அடித்ததும், "அப்பா, நின்னுடுச்சு" என்றான் பையன். "இன்னொரு தடவை குதி கண்ணு" என்றேன். சுத்தமாக இல்லை. ஆக, சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கிறது.

ஷேக்கிள் எதற்கு என்று தெரிந்தால் இது விளங்கும். லோடு ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளமாகும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்க ஷேக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் ரப்பர். அது கெட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் உரசல்தான்.

திங்கட்கிழமை ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல், சேஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஸ்பிரிங் மேல் இருந்த எடையை எடுத்த பிறகே போல்ட்டில் கை வைத்தார் பட்டறைப் பெரியவர். துரு இறுகியிருந்ததால் ஒரு போல்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்த புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் பஞ்சு மாதிரி உப்பி, விரலால் தேய்த்தால் கருப்பாக ஒட்டியது. மறு பக்கம் கிழிந்து, விளிம்பில் செங்கல்பொடி போலத் துருத்தூள். "ஏனுங்க, ரப்பர்ல ஆயில் படலாமுங்களா?" என்று கேட்டார். நான் ஊற்றிய ஆயில்தான். பெட்ரோலிய ஆயிலும் சாதாரண கிரீஸும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்; ரப்பருக்குச் சிலிகான் கிரீஸ்தான்.

பட்டைகளைப் பிரித்தபோது இரண்டாவது காரணமும் தெரிந்தது. நுனிகளில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பேடு தேய்ந்தே போய், இரண்டாம் பட்டையின் நுனி மெயின் பட்டையின் அடியில் பள்ளம் பறித்திருந்தது. கண்ணாடி மாதிரி பளபளப்பு, நகம் வைத்தால் மாட்டியது. லோடு இல்லாதபோது மட்டும் கத்தியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: லோடு ஏறினால் பட்டைகள் இறுகிக்கொண்டு, அந்த நுனி அவ்வளவாக நகராது. விரிசல் இருக்கிறதா என்று பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றித் துருவைத் தேய்த்துப் பார்த்தார். இல்லை. எங்கள் தோப்பில் குலை வெட்டும் அரிவாளே பழைய லாரிப் பட்டையில் அடித்ததுதான். அந்த இரும்பின் உறுதி எனக்குத் தெரியும். ஆனாலும் விரிசல் விட்டால் லோடோடு நடுரோட்டில் உடையும், அதனால் அவர் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

புதுப் பேடு, இடது ஷேக்கிளுக்குப் புது புஷ், புது சென்டர் போல்ட், அந்தப் பக்கத்துப் பட்டையை ஆக்ஸிலோடு கட்டுகிற யூ போல்ட்டும் புதிது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும், திரும்பப் போடுவது சரியில்லை. மாட்டும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஷேக்கிள் போல்ட்டை முதலில் கையளவுக்கு முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகே கடைசி இறுக்கு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். பெரியவரும் அதைத்தான் செய்வதாக இருந்தார்.

300 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் திரும்ப முடுக்கினோம். நான்கு நட்டும் கால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஏறின. வலது பக்கம் இன்னும் பழைய புஷ்தான். அதிலும் ஆயில் பட்டிருக்கிறது, இப்போதைக்குச் சத்தமில்லை. அடுத்த மாதம் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியை நிறுத்தும்போது அதையும் மாற்றச் சொல்லிப் புஷ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.