ஏழுவரி ஆமைக்காகக் காத்திருந்த இரவுகள்

கோஸ்டாரிகாவின் கரீபியன் கரைக்கு, ஏழுவரி ஆமை (லெதர்பேக்) என்னும் கடலாமையின் முட்டைகளைக் காக்கும் தன்னார்வலராக நான் போனது 2023 மே மாதம். அப்போது எனக்குப் பதினேழு வயது. அங்கே இருந்தது மூன்று வாரம். போய்ச் சேர்வதற்கு ஆனதோ ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே ஆசையோடு இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அந்தக் கட்டத்தில்தான்.

முதலில் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இடங்களுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது. என் வயதைக்கூடக் கேட்கவில்லை. கூடவே ஒரு படம்: நல்ல வெயிலில், கடலோரத்தில், என் வயதுப் பெண் ஒருத்தி உள்ளங்கையில் ஆமைக்குஞ்சை ஏந்திச் சிரிக்கிறாள். போனால் அங்கேதான் என்று மனம் ஓடிவிட்டது. எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "குஞ்சுகள் மணலைவிட்டு எப்போது வெளியே வரும்?" என்று கேட்டார். பெரும்பாலும் இரவில், மணல் குளிர்ந்த பிறகு என்றேன். "அப்படியானால் இந்தக் குஞ்சு பகல்வரை எங்கே இருந்தது?" என்றார்.

வாளியில் இருந்திருக்கும். மணலைவிட்டு வெளிவந்த குஞ்சுக்கு, கரையோர அலைகளையும் அங்கே காத்திருக்கும் மீன்களையும் தாண்டி ஆழ்கடலை நோக்கி நீந்தும் வேகம் தொடக்கத்தில்தான் உச்சத்தில் இருக்கும். முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சமிருக்கும் சத்தே அதற்கு வழிச்சோறு. பார்வையாளர்கள் வரும்வரை வாளிக்குள் கிடந்தால், அந்தச் சத்து வாளிச் சுவரில் முட்டிமோதியே கரைந்துபோகும். அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

மற்ற அமைப்பின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. நான்கு பக்கம். அதில் பாதிக்கு மேல் 'கூடாது' என்றே இருந்தது. வெள்ளை விளக்கு கூடாது. கேமரா ஒளி கூடாது. வெளிர்நிற உடை கூடாது. கையில் கொசு மருந்து தடவிக்கொண்டு முட்டையைத் தொடக் கூடாது. இரவில் தனியாகக் கடற்கரைக்குப் போகக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் ஒப்புதலும், பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரும் இல்லாமல் வரக் கூடாது. முதல் வாசிப்பில் சோர்வாக இருந்தது. இரண்டாவது முறை வாசித்தபோதுதான் ஒன்று புரிந்தது: இவ்வளவு கூடாதுகளும் ஆமைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எழுதப்பட்டவை; அமைப்பினரின் வசதிக்காக எழுதியது ஒன்றுகூட இல்லை. அமைப்பைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த இடம் நம்மிடம் அதிகம் மறுக்கிறதோ, அந்த இடத்தை முதலில் கவனியுங்கள்.

எனக்குப் பொறுப்பேற்று உடன் வர என் சித்தி சம்மதித்தார். அதன் பிறகு காகித வேலை. பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஒருமுறை திரும்பி வந்தது. அப்பா மட்டும் கையெழுத்திட்டிருந்தார், திரும்பும் தேதியும் இல்லை. இரண்டு பேரும் நோட்டரி முன் கையெழுத்திட்டு, பயணத் தேதிகள், சித்தியின் பாஸ்போர்ட் எண், மருத்துவச் சிகிச்சைக்கான ஒப்புதல் எல்லாவற்றையும் சேர்த்து, ஸ்பானிய மொழிபெயர்ப்போடு மறுபடி அனுப்பினோம். இதற்கே ஆறு வாரம். பயணக் காப்பீடு எடுக்கும்போது, தொலைவான இடத்திலிருந்து படகில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை, சித்திக்குத் தோன்றியது.

இதற்கிடையில் அம்மா ஒரு செய்தியைப் படித்துவிட்டார். 2013 மே மாதக் கடைசியில், லிமோன் நகரை ஒட்டிய மொயின் கடற்கரையில், ஹைரோ மோரா சாண்டோவால் என்ற 26 வயது இளைஞர் ஆமை முட்டைகளைக் காக்க இரவு ரோந்து போனபோது கொல்லப்பட்டார். உடன் போன நான்கு வெளிநாட்டுப் பெண்கள் பிடித்து அடைத்துவைக்கப்பட்டு, பிறகு தப்பினார்கள். முதல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2015-இல் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். மறுவிசாரணையில் 2016-இல் நான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அம்மா இதைப் படித்துவிட்டு அழவில்லை, திட்டவும் இல்லை. "இதற்குப் பதில் வாங்கிக்கொண்டு வா. பிறகு பேசலாம்" என்று மட்டும் சொன்னார்.

அமைப்பினரிடம் காணொளி அழைப்பில் கேட்டேன், அம்மாவும் பக்கத்தில் இருந்தார். முட்டை எடுப்பவர்களைக் கண்டால் என்ன செய்வீர்கள்? பதில் தயக்கமின்றி வந்தது: எதிர்கொள்ள மாட்டோம், பேச மாட்டோம், விளக்கடிக்க மாட்டோம், திரும்பி நடப்போம், தகவலைப் பொறுப்பாளர் காவலர்களுக்குச் சொல்வார். ஆபத்து என்று தெரிந்தால் அன்றைய ரோந்தே ரத்து. ஹைரோவின் பெயரை அவர்களே முதலில் எடுத்தார்கள். மறைக்காமல் பேசியதுதான் அம்மாவின் மனத்தை மாற்றியது.

அப்பாவின் கேள்வி வேறு. உழைக்கப் போகிறவர்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? இதற்கு எனக்கு விடை கிடைத்தது அங்கே போன பிறகுதான்.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து பஸ்ஸில் மலை இறங்கி, வாழைத் தோட்டங்களைக் கடந்து, பிறகு கால்வாய்களில் படகு. இந்தக் கரையின் வடக்கே இருக்கும் டோர்டுகேரோவுக்கும் சாலை கிடையாது. படகில் போகலாம், அல்லது சிறு விமானத்தில். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950-களில் பேராமைகளை (பச்சைக் கடலாமைகளை) ஆராயத் தொடங்கியது அங்கேதான். 1975-இல் அது தேசியப் பூங்காவாகச் சட்டமானது. பேராமைகளின் பருவம் ஜூலைக்குப் பிறகு சூடுபிடிக்கும். நாங்கள் போனது ஏழுவரி ஆமைகளின் பருவத்தில்; அது மார்ச்சிலிருந்து ஜூலைவரை. உள்ளூரில் அதை 'பாவுலா' என்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் பயிற்சி. மணலில் ஆமை உருவம் ஒன்றைக் குவித்துவைத்து அளவெடுக்கப் பழக்கினார்கள். முட்டைக் குழி தோண்டுவதுதான் கடினம். முக்கால் மீட்டர் ஆழம், வாய் குறுகி, அடி பானைபோல் அகன்றிருக்க வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, ஒவ்வொரு பிடியாக மணலை வெளியே எடுக்க வேண்டும். ஆமை இதைப் பின் துடுப்புகளால், திரும்பிப் பார்க்காமலே செய்கிறது. என் குழி மூன்று முறை சரிந்தது.

பிறகு ரோந்து. இரவு எட்டு மணிக்கு ஒரு குழு, நள்ளிரவுக்கு ஒரு குழு. விளக்கு இல்லாமல் நான்கு மணி நேரம் நடை. மணலில் கால் புதைய, அலை ஒதுக்கிய மரக்கட்டைகளில் தடுக்கி நடப்போம். முதல் ஐந்து ரோந்துகளில் ஓர் ஆமைகூட இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். படம் பார்த்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. எங்களோடு வந்த ஒரு பையன் நான்காம் நாளே ஏமாந்துபோய் ஊர் திரும்பப் பார்த்தான். ஆனால் வெறுங்கையோடு நடக்கும் நடைக்கும் பயன் உண்டு. கரையில் ஆள் நடமாட்டம் இருந்தால் முட்டை எடுப்பவர்கள் தள்ளிப்போவார்கள்.

ஆறாவது இரவில் தடத்தைக் கண்டோம். கடலிலிருந்து மேலே ஏறி, மீண்டும் கடலுக்குள் இறங்கிய தடம். டிராக்டர் போனதுபோல் அகலம். மேட்டில் குழி திறந்து கிடந்தது. சுற்றிலும் குச்சியால் குத்திப் பார்த்த துளைகள். ஒரு முட்டைகூட இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ரோந்துத் தலைவர் ஒன்றும் சொல்லாமல் காலால் மணலைச் சமன்செய்தார், பின்னால் வரும் குழு அதையே மறுபடி கணக்கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நடக்கும்போதுதான் சொன்னார்: சிறுவயதில் அவரும் தந்தையோடு முட்டை எடுக்கப் போனவர். அப்போது வீட்டில் வேறு வருமானம் இல்லை. கடலாமைகளைக் காக்கும் தனிச்சட்டம் நாட்டில் 2002-இலிருந்து இருக்கிறது. சட்டம் வந்ததால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது என்றார். இப்போது அவருடைய சம்பளம் எங்களைப்போன்ற தன்னார்வலர்கள் கட்டும் பணத்திலிருந்து வருகிறது. படகுக்காரருக்கும் சமையல் செய்யும் அம்மாவுக்கும் அப்படித்தான். அப்பாவின் கேள்விக்கு விடை அதுதான். அதன் பிறகு முட்டை எடுப்பவர்களை எதிரிகளாக நினைக்க என்னால் முடியவில்லை. அந்தக் காலிக் குழியை மறக்கவும் முடியவில்லை.

ஒன்பதாம் இரவு, இரண்டு மணி இருக்கும். முன்னால் போன தலைவர் சட்டென்று நின்று கையை நீட்டித் தடுத்தார். இருபது அடி தொலைவில், பாறைபோல் ஏதோ இருந்தது. பாறை மூச்சு விட்டது. நீண்ட, கனத்த பெருமூச்சு. கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்து காத்திருந்தோம். உடல் புதையும் அளவுக்கு மணலை வாரி இறைத்துப் பள்ளம் செய்தாள் அந்த ஆமை. பிறகு முட்டைக் குழி. ஒரு பின் துடுப்பு உள்ளே போய், நுனியைக் கிண்ணம்போல் மடித்து, மணலை ஏந்தி மேலே வந்து ஓரமாக வைக்கும். உடனே மறு துடுப்பு உள்ளே போகும். ஒரு பிடி மணல்கூட உள்ளே சரியவில்லை.

துடுப்புக்கு அடி எட்டாமல் போனதும் தோண்டுவதை நிறுத்தினாள். தலைவர் என்னைத் தொட்டார். குப்புறப் படுத்து, கையுறையோடு பையைக் குழிக்குள் விரித்தேன். அவள் ஒரு துடுப்பால் குழியின் வாயை மறைத்துக்கொண்டாள்; என் மணிக்கட்டு அதற்கடியில் இருந்தது. முட்டைகள் இரண்டு மூன்றாக விழுந்தன. பில்லியர்ட்ஸ் பந்தளவு, வெண்மை, ஓடு தோல்போல் மெத்தென்று, வழவழப்பாக, கையுறையைத் தாண்டியும் தெரியும் வெதுவெதுப்பு. கடைசியில் கரு இல்லாத சின்ன முட்டைகள் வந்தன. 84 பெரியவை, 31 சின்னவை.

முட்டையிடத் தொடங்கிவிட்டால் அவள் சுற்றுப்புறத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அளவெடுப்பது அந்த நேரத்தில்தான். நடு வரியை ஒட்டி நாடாவை வைத்து, கழுத்தோரத்திலிருந்து முதுகின் பின்முனைவரை என் விரல்கள் போயின. மற்ற கடலாமைகளுக்கு இருப்பதுபோல் கெட்டி ஓடு இல்லை. ஈரமான ரப்பரைப்போன்ற தோல், அதில் நெடுக ஓடும் வரிகள். ஏழுவரி என்ற பெயரை அதுவரை புத்தகத்தில்தான் படித்திருந்தேன். 152 சென்டிமீட்டர். கண்ணோரம் பிசுபிசுப்பாக நீர் வழிந்தது. உடலில் சேரும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது, அழுகை இல்லை. தெரிந்திருந்தும் நான் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையைக் கட்டி எடுத்துக்கொண்டோம். அவளோ குழியை மூடத் தொடங்கினாள். துடுப்பால் மணலைத் தள்ளி, அழுத்தி, பிறகு இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி சுற்றிச்சுற்றி மணலை வாரி இறைத்தாள். முக்கால் மணி நேரம். உள்ளே முட்டை ஒன்றுமில்லை. இது சரிதானா என்று தலைவரிடம் கேட்டேன். அலை அரிக்காத, ஆள் வராத இடமாக இருந்தால் முட்டையைத் தொடவே மாட்டோம் என்றார். இந்த இடத்தில் விட்டால் விடியும்வரைகூட இருக்காது. முந்தைய தடத்தைப் பார்த்திருந்த எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. என்றாலும் அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எளிதாகக் கழியவில்லை, எளிதாகக் கழிந்திருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

முட்டைகளைச் சீக்கிரம் புதைக்க வேண்டும். தாமதமானால் கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கும், அதன் பிறகு அசைத்தால் இறந்துவிடும். பையைக் குலுக்காமல் மார்போடு அணைத்து, முட்டைகளைப் புதைத்துக் காவல் காக்கும் பொரிப்பகத்துக்கு முக்கால் மணி நேரம் நடந்தேன். அன்று நான் தோண்டிய குழி சரியவில்லை. பெரிய முட்டைகளை அடியில் அடுக்கி, சின்னவற்றை மேலே வைத்து, ஈர மணலால் மூடி, எண் எழுதிய குச்சியை நட்டேன்.

மீதி நாட்கள் பெரும்பாலும் பொரிப்பகக் காவல்தான். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கூடாகப் பார்க்க வேண்டும்: நண்டு தோண்டியிருக்கிறதா, எறும்பு மொய்க்கிறதா, மணல் குழிந்திருக்கிறதா. மணலின் வெப்பத்தைக் குறிக்க வேண்டும். ஏறக்குறைய 29 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சுகள் கூடும், அதற்காகவே நிழல்வலை கட்டியிருந்தார்கள். மார்ச்சில் புதைத்த கூடுகளிலிருந்து குஞ்சுகள் வந்தபோது எண்ணி, இருட்டிலேயே, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இடத்தில் விட்டோம். ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் பழகிவிடும். பொரிந்து முடிந்த கூட்டைத் திறந்து ஓடுகளை எண்ணும் வேலையும் உண்டு. அழுகிய முட்டையின் நாற்றம் இரண்டு நாள் மூக்கைவிட்டுப் போகாது. அதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

மூன்று வாரத்தில் நான் இருபத்தொரு இரவுகள் விழித்திருந்தேன். பார்த்த ஏழுவரி ஆமைகள் நான்கு. என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

ஏழுவரி ஆமையின் முட்டை பொரிய ஏறக்குறைய அறுபது நாள் ஆகும். ஆகவே நான் புதைத்த கூடு திறக்கும்போது நான் அங்கே இல்லை. கிளம்பும்போது பொறுப்பாளரிடம் குச்சி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜூலை மூன்றாம் வாரம் மின்னஞ்சல் வந்தது. முதலில் அம்மாதான் படித்துச் சொன்னார். 84 முட்டைகள், 57 குஞ்சுகள் கடலுக்குப் போயின, மழை பெய்துகொண்டிருந்தது, அதிகாலை மூன்று மணி.