விரிடியானாவும் எங்கள் ஆங்கில சேரும்

ஆங்கில சேர் காலமாகிவிட்டார் என்று அறிந்ததும் இம்முறை எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எதை எழுதுவதென்று எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. மண்டபத்து யன்னல்களைப் போர்வையால் மூடி அவர் காட்டிய படங்களில் அவருக்கு உயிரானது ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவலின் ‘விரிடியானா’. 16 மி.மீ. பிரதி. 1600 அடிச் சுருள் 44 நிமிடந்தான் ஓடும். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இரு தடவை சுருள் மாற்றுவார். பாடம் அந்த இடைவெளியில்தான்.

கன்னியாஸ்திரி ஆகவிருந்த விரிடியானா, மாமன் தூக்கிட்டு இறந்தபின் அவர் பண்ணைக்குப் பிச்சைக்காரரை அழைத்து வந்து சோறும் செபமும் கொடுக்கிறாள். மாமன் மகன் ஹோர்கே அதே பண்ணையைத் திருத்திக் கட்டுகிறான். திரிகால செபக் காட்சியில் (கத்தோலிக்கர் நாளில் மூன்று வேளை சொல்லும் செபம்) செபத்தின் ஒவ்வொரு வரிக்கும் இடையே சாந்து சுவரில் அறையும், பலகைகள் வந்து விழும். “வெட்டைப் பாருங்கோ, கதையை விடுங்கோ” என்பார் சேர்; ஒரு காட்சித் துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் படத்தொகுப்பைத்தான் வெட்டு என்பார்.

ஹோர்கே பக்கம் படம் சாய்கிறது என்று சொன்னவர்களுக்கு நாய்க் காட்சியைக் காட்டுவார். வண்டிக்கு அடியில் கட்டி இழுபட்ட நாயை அவன் காசு கொடுத்து மீட்கிறான். அவன் திரும்பியதும் எதிர்த்திசையில் இன்னொரு வண்டி, அடியில் இன்னொரு நாய்.

பிச்சைக்காரரின் விருந்து டா வின்சியின் இராப்போசன ஓவியமாக உறைகிறது, கிறிஸ்துவின் இடத்தில் ஒரு குருடன். பிறகு ஹன்டல் இசையமைத்த அல்லேலூயாப் பாடலுக்கு ஆட்டம். 1961இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்ட படத்தை வத்திக்கான் நாளேடு கண்டித்தது. விருதை வாங்கிய ஸ்பானிய அதிகாரி பதவி இழந்தார். ஸ்பெயினில் படம் 1977 வரை திரைக்கு வரவில்லை. விரிடியானா ஹோர்கேயின் அறைக்குள் போகக் கதவு மூடும் முடிவை ஸ்பானியத் தணிக்கை ஏற்காதபடியால், வேலைக்காரியோடு மூவருமாகச் சீட்டாடும் முடிவைப் புனுவல் வைத்தார். முன்னதைவிட அதுவே துணிச்சலானது.

ஏழைகளைப் படம் இழிவுபடுத்துகிறது என்பதைச் சேர் ஒருநாளும் ஏற்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களைப் படத்தில் ஒருவரும் கேட்பதில்லை, கோளாறு அங்கேதான் என்பார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நாங்கள் நாட்டைவிட்டு வெளிக்கிட்டோம், அவர் அங்கேயே இருந்து படிப்பித்தார். இங்கே துப்புரவான பிரதியில் எப்போதும் பார்க்கலாம், ஆனால் சுருள் மாற்றும் இடைவெளி இல்லை, வாதாட அவரும் இல்லை. சங்கம் அனுப்பும் காசைப் பற்றி அவர் ஒருமுறை எழுதினார்: “பிள்ளையளிட்டக் கேட்டனீங்களோ?” அடுத்த திட்டத்தைத் தீர்மானிக்க முன் நிர்வாகக் குழு இதே கேள்வியை மாணவருக்கு எழுதி அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.