சக்கரத்தைக் கட்டச் சொல்லுங்கள்: தாம்பரத்திலிருந்து மதுரைக்கு வந்த அம்பாசடர்

ஓடாத காரை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பப் போகிறவர்கள், வாடகை பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எதைக் கொண்டு, காரில் எந்த இடத்தில் கட்டுவீர்கள்? அப்பாவின் அம்பாசடரைத் தாம்பரத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நான் பட்ட பாடு எல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஏஜெண்டிடம் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். பேட்டரி போய்விட்டது, என்ஜின் ஓடாது, வின்ச் (காரைக் கம்பியால் இழுத்து ஏற்றும் கருவி) உள்ள ஃபிளாட்பெட், அதாவது தட்டையான தளம் கொண்ட லாரி வேண்டும். "எல்லாம் இருக்கிறது சார்" என்றார். வந்து நின்றதோ வின்ச் இல்லாத லாரி. நான்கு பேர் சேர்ந்து தள்ளி ஏற்றிவிடலாம் என்றார்கள். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார், சாய்ந்த பலகை. நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் கீழே நிற்பவர் என்ன ஆவார்? முடியாது என்று திருப்பி அனுப்பினேன். "வந்துபோன செலவு" என்று முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. வண்டி எண்ணும் வின்ச்சும் தெரிகிற படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

வேறொருவர் மூலம் சரியான ஃபிளாட்பெட் வந்தது. ஏற்றியதில் சிக்கல் எதுவும் இல்லை. கட்டத் தொடங்கியபோதுதான் தலைவலி ஆரம்பித்தது.

ஓட்டுநர் ஒரு நைலான் கயிற்றைப் பின் பம்பரில் சுற்றினார். முன்பக்கம் ஒரு கொக்கியை எடுத்து டை ராடில் மாட்டப் போனார். டை ராட் என்பது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு. காரின் மொத்த எடையும் அதை இழுத்தால் வளையாமல் என்ன செய்யும்? வேண்டாம் என்றேன். "இருபது வருடமாக இப்படித்தான் கட்டுகிறேன் சார், ஒன்றும் ஆனதில்லை" என்றார்.

நானும் விடவில்லை. காரின் பாடி ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. லாரி பள்ளத்தில் இறங்கும்போது பாடி அமுங்கும், கட்டு தளரும், கொக்கி கழன்று விழலாம். மறுநொடி பாடி மேலே எழும்பும், தளர்ந்த கயிறு வெடுக்கென்று இழுபடும். மதுரை வரைக்கும் இதே ஆட்டம்தான். நைலான் கயிறு நீளவும் செய்யும். சக்கரத்தை லாரியின் தளத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பாடி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், கட்டு அப்படியே நிற்கும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) உள்ள அம்பாசடரை அவர் கையாலேயே அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அமுக்கினார், கயிறு தொய்ந்தது. அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

லாரியின் பெட்டியில் ராட்செட் பெல்ட்டுகள், அதாவது கைப்பிடியை அசைத்து இறுக்கிப் பூட்டும் பட்டைகள், இருக்கத்தான் செய்தன. நான்கில் ஒன்றின் ஓரம் விரல்கணு அளவுக்கு அறுந்து நூல் பிரிந்திருந்தது. இன்னொன்றில் லேபிளே இல்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஜி.எஸ்.டி. சாலைக் கடையில் 50 மி.மீ. அகலத்தில் புதிதாக இரண்டு வாங்கினேன். அந்தச் செலவு என் தலையில்தான் விழுந்தது, ஆனாலும் வருத்தமில்லை. லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும் 5 டன் என்பது பெல்ட் அறுபடும் அளவு. நம்பக்கூடிய அளவு அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான், அதைத் தேடிப் படியுங்கள்.

ஒவ்வொரு டயர் மேலும் ஒரு பெல்ட். முன்சக்கரங்களை முன்னோக்கியும் பின்சக்கரங்களைப் பின்னோக்கியும் இழுத்து, தளத்து வளையங்களில் மாட்டினோம். ராட்செட் உருளையில் குறைந்தது இரண்டு சுற்றாவது பெல்ட் ஏற வேண்டும், கைப்பிடி முழுதாக மடங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். சக்கரங்களுக்கு அடைக்கட்டை, முதல் கியர், ஹேண்ட் பிரேக். வின்ச் கம்பி இழுத்துப் பிடித்திருக்கிறதே, முன்பக்கம் பெல்ட் எதற்கு என்று ஓட்டுநர் கேட்டார். வின்ச் ஏற்றி இறக்க மட்டும்தான், அதை நம்பிப் பயணம் போகக் கூடாது என்றேன்.

பரனூர் சுங்கச்சாவடி தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். வலது பின்சக்கர பெல்ட்டுக்குள் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது! நெடுநாள் நின்ற டயர் குலுக்கலில் அமர்ந்திருக்கிறது. மறுபடி இறுக்கினோம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், கட்டைச் சோதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் தேநீருக்கு நிறுத்தியபோது நான் வாய் திறக்கும் முன்பே ஓட்டுநர் நான்கு பெல்ட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான்.

பரனூரில் இன்னொன்றும் நடந்தது. லாரிக்குக் கட்டணம் பிடித்த கையோடு, மேலே உட்கார்ந்திருந்த அம்பாசடரின் ஃபாஸ்டேக்கையும் கருவி படித்து, என் கணக்கிலும் பணம் எடுத்துவிட்டது. ஏற்றும் முன் டேக்கை அலுமினியத் தாளால் மூடச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விக்கிரவாண்டி வருவதற்குள் மூடிவிட்டோம்.

காகிதங்களில் ஏமாந்துவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை எழுத வேண்டிய படிவத்தை வெறுமையாக நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு கீறலையும் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். "சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு" என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது, அதையும் படித்துவிடுங்கள். நம் ஊர் முழுக் காப்பீட்டு பாலிசியில், வண்டியைச் சாலை வழியாக ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதமும் சேர்த்தி. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

மதுரையில் இறக்கும்போதும் கண் அசர முடியவில்லை. உதவியாளப் பையன் வின்ச்சை மாட்டுவதற்கு முன்பே பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வந்தான். தளம் சாய்ந்திருந்தால் கார் தானாக உருண்டு வந்திருக்கும். "தம்பி, நிறுத்து!" என்று கத்தினேன். முதலில் வின்ச் கம்பி மாட்டி இறுகட்டும், பிறகு பெல்ட், கடைசியில் அடைக்கட்டை. அந்த வரிசையில் இறக்கியதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஃபாஸ்டேக் பணத்துக்கு நெடுஞ்சாலை உதவி எண் 1033-லும் வங்கியிலும் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.