வெயில் இருந்தால்தான் பறக்கும்

லடாக்கில் உள்ள கர்துங் லா கணவாய்க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உச்சியில் உள்ள பெயர்ப்பலகை முன் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். 5,359 மீட்டரில் மூச்சு வாங்கும், அதனால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜூலையில் போனால், லே நகரை நோக்கி இறங்கும் வழியில், சௌத் புல்லு சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் மேலே, பட்டாம்பூச்சி பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

பார்த்தால் வெறும் கல்சரிவு. இடுக்குகளில் தடித்த இலையுடன் ரோடியோலா என்ற செடி வளர்ந்திருக்கும். லடாக்கில் 'சோலோ' என்பார்கள். தளிரைத் தயிரில் கலந்து சாப்பிடுவதும் உண்டு. அப்பல்லோ பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களுக்கும் இந்தக் குடும்பத்துச் செடிகள்தான் தீனி.

நான் முதலில் பார்த்த அப்பல்லோ ஒரு தட்டைக் கல்லில் இறகை விரித்து, வடாம் காய்வதுபோல் அசையாமல் கிடந்தது. வெள்ளை இறகு, சிவப்புப் புள்ளிகள். உடம்பெல்லாம் ரோமம், இறகு உடம்போடு சேரும் இடத்தில் கருமை. அந்தக் கருமைதான் விஷயமே. பறக்கும் தசைகள் சரியாக இயங்க உடம்பு ஏறத்தாழ 30 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அங்கே காற்றோ சில்லென்று வீசுகிறது. இறகு மெல்லியது, நுனியில் விழும் வெயிலின் சூடு உடம்புவரை வந்து சேராது. அதனால் உடம்பை ஒட்டிய பகுதி கருப்பாக இருந்தால் போதும். வாங்கிய சூட்டைக் காற்று கொண்டுபோகாமல் ரோமம் காக்கிறது.

அதே சரிவில் திரிந்த கோலியாஸ் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிக்கு வேறு வழி. அது உட்கார்ந்தால் இறகை மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் வெயிலுக்குக் காட்டும். ஆகவே அதற்குக் கருமை பின்னிறகின் அடிப்புறத்தில். கருமை கூடிய கோலியாஸ் சீக்கிரம் சூடேறுகிறது என்று அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் ஆய்வு செய்த வார்ட் வாட் 1968-இலேயே எழுதிவிட்டார்.

மேகம் ஒன்று சூரியனை மறைத்தது. பறந்துகொண்டிருந்தவை எல்லாம் அப்படியே கல்லிடுக்கில் இறங்கிவிட்டன. வெயில் திரும்பியதும் மறுபடி கிளம்பின, அதுவும் தரையை ஒட்டியே. மேலே எழும்பினால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

முற்பகலில் போய்விடுங்கள், பிற்பகலில் மேகம் கூடிவிடலாம். துரத்தாதீர்கள், அந்த உயரத்தில் பத்தடி ஓடினாலே உங்களுக்குத்தான் மூச்சு முட்டும். வலையும் வேண்டாம். அப்பல்லோக்கள் சில 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வெயில்படும் கல் ஒன்றின் அருகே உட்கார்ந்தால், காய வருவதைக் கிட்டத்திலேயே பார்க்கலாம். அப்புறம், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.